சீதன வீட்டுத் திறப்பு

வெள்ளவத்தை
12 செப்டெம்பர் 2022

மதிப்புக்குரிய சுதாகரன் அண்ணைக்கு,

என்னை ஞாபகம் இருக்குமோ தெரியாது. போன மாசியில் கொடிகாமத்தில் உங்கள் கடைக்கு வந்து, செத்தல் மிளகாய் வந்து இறங்கிய பழைய சணல் சாக்கு நாற்பது கேட்டவள் நான். "சாக்குக்குள்ளை என்ன போடப்போறியள்?" என்று கேட்டீர்கள். "உள்ளுக்கை ஒண்டும் இல்லை, மேலை படம் கீறப்போறன்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். ஆனால் சாக்குக்குக் காசு வாங்கவில்லை. "கீறி முடிஞ்சால் காட்டும்" என்றீர்கள். முடிந்துவிட்டது, அண்ணை. இரண்டு மாதம் தும்மித் தும்மித்தான் கீறினேன்.

இப்போது வேறு ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். படம் கீறுவதும் மரக்கட்டையில் வெட்டி அச்சடிப்பதும் என் தொழில். என்னோடு இரண்டு பேர். தனோஜன் பழைய இரும்பில் சிலை செய்கிறவர். ஆரணி துணியில் சாயவேலை செய்கிறவள். மூன்று பேரும் இங்கே கொழும்பில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். இந்த வருடம் வாடகை இரட்டிப்பு. அதோடு இரும்பு அடிக்கும் சத்தம், மெழுகு மணம் என்று கீழ்வீட்டில் தினமும் முறைப்பாடு.

தெற்கே காலி நகரில் பார்த்தோம், வெள்ளைக்காரருக்கு உரிய விலை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பார்த்தோம், "பெடியனும் பெட்டையளும் ஒரு வீட்டிலை இருக்கேலாது" என்று வாசல் படலையிலேயே முடித்துவிட்டார்கள். வாடகை குறைந்த, ரயில் நிற்கிற, சுத்தியல் சத்தத்துக்குப் பொலிசைக் கூப்பிடாத ஒரு ஊர் வேண்டும். போகப் போக எங்களைப் போன்ற இன்னும் நாலு பேர் வந்து சேரக்கூடிய இடமாக இருந்தால் நல்லது. ஊர் ஊராகச் சரக்கு எடுக்கிறவர் நீங்கள். எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
நிமலினி


கொடிகாமம்
20 செப்டெம்பர் 2022

நிமலினிப் பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நம்பர் போட்டிருந்தீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். போனில் விலை கதைக்கலாம், வீடு வாசல் கதைக்கக் கூடாது. முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் வாய்ப்பேச்சு எத்தனை தரம் புரண்டது என்று கண்டவன் நான். தாளில் எழுதினால் எழுதினவனுக்கே ஒரு பயம் இருக்கும்.

நீங்கள் கேட்கிற ஊர் கொடிகாமம்தான். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன். யாழ்தேவி ரயில் நிற்கும். தேங்காய், மாம்பழம், பலாப்பழம் கொழும்பு விலையில் பாதி. கிணற்றுத் தண்ணீர் நல்லது. சந்தை விடிய நாலு மணிக்கே கத்தத் தொடங்கும் ஊரில் உங்கள் சுத்தியலை ஒருவரும் கேட்க மாட்டார்கள். கெட்டது: உங்கள் படத்தை வாங்க இங்கே ஒருவரும் இல்லை. கூத்து ஆடுகிறவர், தவில் அடிக்கிறவர், பந்தல் சோடிக்கிறவர் இருக்கிறார்கள். அவர்கள் தங்களைக் கலைஞர் என்று சொல்வதில்லை. அதனால் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறது.

வீடும் இருக்கிறது. என் அக்கா பாலேஸ்வரியின் சீதன வீடு. கனடாவுக்குப் போய் முப்பத்திரண்டு வருடம். பூட்டித் திறக்கிறவன் நான். திறப்பு என்னிடம். எட்டு வருடம் ஒரு பசளைக் கடைக்காரர் முன்கூடத்தில் மூட்டை அடுக்கியிருந்தார். போன வருடம் அரசாங்கம் போட்ட பசளைத் தடையோடு கடையை மூடிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஆளில்லாத வீட்டைக் கறையான் தன் பெயருக்கு எழுதி எடுத்துவிடும், பிள்ளை. அதற்கு உங்களைப் போன்றவர்கள் இருப்பது மேல்.

நாலு அறை, பெரிய கூடம், பின்னுக்குக் கொட்டில். வாடகை நீங்கள் இப்போது கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. நிபந்தனை மூன்று. வெள்ளிக்கிழமை சாமியறையில் விளக்கு எரிய வேண்டும். நீங்கள் வேதக்காரர் என்று கழுத்துச் சிலுவையில் கண்டேன், ஆரணி கொளுத்தட்டும். மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்தால் வெளி அடுப்பில். மாரிக்கு முதல் கிணறு இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். பெடியன் பெட்டைக் கதை என்னிடம் இல்லை. வீட்டுக்கு முன் ஒழுங்கையில் யாரும் கேட்டால் சுதாகரனிடம் கேட்கச் சொல்லுங்கள்.

சுதாகரன்


வெள்ளவத்தை
2 ஒக்டோபர் 2022

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைத் தனோஜனுக்கும் ஆரணிக்கும் உரத்து வாசித்துக் காட்டினேன். கறையான் வரியில் தனோஜன் விழுந்து விழுந்து சிரித்தான். கடிதத்தை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு ஒருவர் கையால் இவ்வளவு நீளமாக எழுதியது இதுதான் முதல்.

தை பிறந்ததும் வருகிறோம். ஒரு விஷயம் மட்டும். வீடு அக்காவின் வீடு. அவவிடம் கேட்டீர்களா?

நிமலினி


கொடிகாமம்
9 ஜனவரி 2023

பிள்ளைக்கு,

வீடு கழுவி வெள்ளை அடித்தாயிற்று. வாடகை ஒப்பந்தம் இதோடு வருகிறது. மூன்று பேரும் கையெழுத்து வைத்துக் கொண்டு வாருங்கள். 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயர் இருப்பதைப் பார்த்து யோசிக்க வேண்டாம். அக்கா கனடாவில், அவ வந்து கையெழுத்து வைக்க முடியாது. எழுத்துக்காக அப்படி.

அக்கா விஷயத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

சுதாகரன்


வெள்ளவத்தை
18 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மாவின் கண் ஒப்பரேஷன் முடிந்தது. இன்னும் இரண்டு கிழமை இங்கே நிற்க வேண்டும். நின்றுகொண்டு கொடிகாமத்தைப் பற்றி எல்லோருக்கும் புளுகிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடத்தில் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். பக்கத்து வீட்டு மரியரட்ணம் அண்ணை, தனோஜன் இரும்பு அடிக்கிற சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வந்தவர். படலையில் நின்று கத்தப் போனவர் உள்ளே எட்டிப் பார்த்து, "உந்தச் சிலைக்கு மூக்குச் சரியில்லையே தம்பி" என்றார். இப்போது ஞாயிறுதோறும் வந்து மூக்குப் பார்க்கிறார். ஒழுங்கையின் முடிவில் மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பதி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். அவர் பறை, அவ கூத்து உடுப்புத் தைக்கிறவ. அடுத்த மாதம் வவுனியாவிலிருந்து புகைப்படக்காரர் ஒருவர் வருகிறார். சனிக்கிழமை ஆரணியின் சாயப் பானையைச் சுற்றிப் பதினைந்து பெண்கள் நிற்கிறார்கள். ஒருவரும் "இது எதுக்கு?" என்று கேட்பதில்லை. "எப்பிடிச் செய்யிறது?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆறு ஊர் தேடினேன், அண்ணை. கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சித்திரையில் கூடத்திலேயே கண்காட்சி வைக்கிறோம். அழைப்பிதழை நானே மரக்கட்டையில் வெட்டி அச்சடிக்கிறேன். இடம் என்ற வரியில் என்ன போடட்டும்? 'கச்சாய் வீதி, கொடிகாமம்' என்றால் போதுமா?

நிமலினி


கொடிகாமம்
25 பெப்ரவரி 2024

பிள்ளைக்கு,

அம்மாவின் கண் சுகமானது சந்தோஷம். இளநீர் ஒரு குலை ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறேன், புகையிரத நிலையத்தில் போய் எடுங்கள்.

அழைப்பிதழில் போட வேண்டியது: 'திரு. செ. சுதாகரன் அவர்களின் சொந்த இல்லம், கச்சாய் வீதி, கொடிகாமம்.' அப்படியே, ஒரு எழுத்தும் குறையாமல். படலையில் மாட்டுகிற பலகையிலும் அதே வரி. பத்திரிகைக்காரர் வந்தால் அவருக்கும் அப்படியே சொல்லுங்கள்.

சிரிக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் இருக்கிறவனுக்கும் தன் பெயரை அச்சில் பார்க்க ஆசை இருக்காதா?

சுதாகரன்


கச்சாய் வீதி, கொடிகாமம்
3 செப்டெம்பர் 2024

சுதாகரன் அவர்களுக்கு,

உங்கள் கடைக்கும் இந்த வீட்டுக்கும் சைக்கிளில் ஏழு நிமிடம். நான் வரவில்லை. நேரில் வந்தால் நீங்கள் கதைத்துக் கதைத்து என்னை மடக்கிவிடுவீர்கள். போனிலும் உங்கள் நம்பரை நிறுத்திவைத்திருக்கிறேன். ஆகவே தபாலில்.

முந்தநாள் உங்கள் அக்கா கனடாவிலிருந்து எனக்குப் போன் எடுத்தா. ஒன்றரை வருடத்துக்கு மேலாக அவவின் வீட்டில் இருக்கிறேன், அவவின் குரலை முதல் தடவையாகக் கேட்டேன். வீட்டை விற்கப்போவதாக உங்களுக்குச் சொன்னதற்கு, உங்கள் சட்டத்தரணியிடமிருந்து அவவுக்குக் கடிதம் போயிருக்கிறது. அதை எனக்கு அனுப்பினா. "உங்கடை கையெழுத்தும் உதிலை கிடக்குது பிள்ளை. நீங்களும் உதுக்கு உடந்தையோ?" என்று கேட்டா.

வாசித்தேன். இந்த வீட்டைப் பத்து வருடமாக உரிமையாளராகவே நீங்கள் ஆண்டு வருகிறீர்களாம், ஆகவே சட்டப்படி வீடு உங்களுடையதாம். பசளைக் கடைக்காரர் எட்டு வருடம், நாங்கள் மிச்சம். அதற்கு அத்தாட்சி: எங்கள் வாடகை ஒப்பந்தம். எங்கள் பற்றுச்சீட்டுகள். படலைப் பலகையின் படம். பிறகு என் அழைப்பிதழ். என் அழைப்பிதழ், சுதாகரன் அண்ணை. நான் நாலு நாள் இருந்து தேக்குக் கட்டையில் உங்கள் பெயரை வலம் இடமாக வெட்டினேன். 'சொந்த' என்ற சொல் கட்டையில் உடைந்துபோய் இரண்டாம் தடவை வெட்டினேன். நாங்கள் மூன்று பேரும் "அண்ணைக்குப் பேராசை" என்று பகிடி பண்ணினோம். பாசத்தோடுதான் பண்ணினோம்.

நாங்கள் ஒரு ஊர் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் எங்களைச் சாட்சிகளாகக் குடிவைத்திருந்தீர்கள்.

உங்கள் கடையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று எடுப்பீர்களே, தோட்டக்காரர் வாய் திறக்காமல் நிற்பார்களே, அதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எங்களிடம் வாடகை குறைவாகத்தானே வாங்குகிறார் என்று இருந்துவிட்டேன். எங்களிடம் எடுத்த கழிவு எதுவென்று இப்போதுதான் விளங்குகிறது.

நிமலினி


கொடிகாமம்
7 செப்டெம்பர் 2024

நிமலினிக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. ஓம், செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் தொடக்கத்திலேயே திட்டம் போட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்று நினைப்பது பிழை. முதல் கடிதம் எழுதிய நேரம் என் மனதில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் அக்காவின் சீதன வீடு என்று என் கையால் எழுதியிருப்பேனா? அந்தக் கார்த்திகையில்தான் அக்கா எடுத்தா. நீங்கள் வரப்போவதைச் சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவ, "தம்பி, வீட்டை எப்பவும் விக்கவேண்டி வரும். நல்ல ஆளாப் பாத்து வை. வித்தால் உனக்கும் ஏதும் தாறன்" என்றா.

ஏதும்.

அப்பா அக்காவுக்கு வீடும் நாலு பரப்புக் காணியும் எழுதினார். எனக்குப் பழைய ரலிச் சைக்கிள். குறை சொல்லவில்லை, எங்கள் பக்க வழக்கம் அது: பெட்டைக்கு வீடு, பெடியனுக்குக் கையும் காலும். அந்தச் சைக்கிளில் தேங்காய் கட்டி மிதித்துத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். ஆனால் அக்கா அந்த வீட்டில் கலியாணத்துக்குப் பிறகு இருந்தது பதினொரு மாதம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் கூரை போனது. நாங்கள் 2003இல் திரும்பி வந்தபோது நாலு சுவரும், கூடத்துக்குள் முளைத்த ஒரு ஆமணக்கும். கூரை போட்டது நான். கதவு போட்டது நான். அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தா. கழுவித் துடைத்தது என் மனைவி யோகமலர். செத்த வீட்டுக்கு அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் பார்த்து அழுதா. அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

இவற்றை எழுத வீட்டு உறுதிப் பத்திரத்தில் இடம் இல்லை. சட்டத்தரணியிடம் கேட்டேன். ஒரு வழி சொன்னார். அந்த வழியில் நீங்கள் நின்றீர்கள். அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் கேட்கிறேன். ஆனால் வழியை மாற்ற மாட்டேன்.

இனி வியாபாரம். அக்கா மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறா. ஒக்டோபரில் வருகிறா. உங்களையும் கூப்பிடுவார்கள். உங்களிடம் இருக்கிற என் முதல் கடிதத்தைத் திருப்பித் தாருங்கள். அதுதான் எனக்கு எதிராக இருக்கிற ஒரே தாள். தந்தால் பத்து வருடத்துக்கு இதே வாடகையில் எழுதித் தருகிறேன். அக்கா வென்றால் விற்பா. வாங்குகிறவன் உங்கள் இரும்பையும் சாயப் பானையையும் ஒழுங்கையில் எறிவான். உங்கள் ஊர் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா, அவ்வளவுதான் கேள்வி.

சுதாகரன்


கச்சாய் வீதி, கொடிகாமம்
29 செப்டெம்பர் 2024

சுதாகரன் அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்து எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியை மேசையில் வைத்தோம். தனோஜன் சொன்னான்: "குடுத்துவிடு நிமலி. அக்காவைத் தெரியாது, அண்ணையைத் தெரியும். ஊரிலை எத்தினை வீட்டுக்குத் திறப்புக்காரன்தான் சொந்தக்காரன்." ஆரணி எழுந்து போய்ச் சாமியறையில் விளக்குக் கொளுத்தினாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. பிறகு வந்து, "இவ்வளவு நாளும் ஆரின்ரை வீட்டிலை விளக்குக் கொளுத்தினனான்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தனோஜனும் அவளும் கதைப்பதில்லை.

அம்மாவைக் கழுவித் துடைத்த கதையை வாசித்து அழுதேன். அதையும் ஒரு விலையாக வைத்துவிட்டீர்களே என்று பிறகு கோபம் வந்தது. அக்காவிடம் நேரே கேட்டிருந்தால் என்ன? "கூரை போட்டனான், பாதி வீடு என்ரை" என்று ஒரு தரம் சண்டை பிடித்திருக்கலாமே. தமக்கையோடு சண்டை பிடிக்க வெட்கப்பட்டு, எங்களை முன்னுக்கு விட்டீர்கள்.

சபைக்கு வருவேன். என்ன கொண்டு வருவேன் என்று எனக்கே இன்னும் தெரியாது.

நிமலினி


கொடிகாமம்
21 ஒக்டோபர் 2024

நிமலினிக்கு,

நேற்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன். நான் இருந்த வாங்கு வேறு.

சபை கூடியது பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கு. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கழித்தல் கணக்கு அழிக்காமல் கிடந்தது. அக்கா எதிரில். பதினான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அம்மாவின் கழுத்து அப்படியே வந்திருக்கிறது. என்னைப் பார்த்து, "மெலிஞ்சு போனாய்" என்றா. அதற்குப் பிறகு தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

நீங்கள் பையைத் திறக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். கடைசிவரை நினைத்தேன். நீங்கள் கடிதத்தை எடுத்தபோது கடிதத்தைப் பார்க்கவில்லை நான், உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை.

"உது உம்மடை எழுத்தோ?" என்று தலைவர் என்னைக் கேட்டார். "ஓம் ஐயா." "வாசியும் பிள்ளை." நீங்கள் வாசித்தீர்கள். என் வசனம், உங்கள் குரல். 'என் அக்கா பாலேஸ்வரியின் சீதன வீடு. திறப்பு என்னிடம்.' கறையான் வரி வந்ததும் பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உவன் சின்னனிலையும் உப்பிடித்தான் ஐயா. வாயாலை எவ்வளவும் புளுகுவான், கையாலை எழுதினால் பொய் வராது" என்றா. என்னைத் தோற்கடித்துவிட்டு என்னைப் புகழ்ந்தா. அதற்கு நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு இருப்பது?

திறப்பை மேசையில் வைக்கச் சொன்னார்கள். இருபத்தொரு வருடம் கடைத் திறப்புகளோடு ஒரே வளையத்தில் கிடந்தது. துருப்பிடித்துக் கழற்ற வரவில்லை. சபைக்காரர் ஒருவர் பேனாக்கத்தி தந்தார். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நகம் கிழிய அதைக் கழற்றினேன்.

நான் உங்களுக்குச் செய்தது துரோகம்தான். ஒப்புக்கொண்டேன், எழுதியும் தந்தேன். ஆனால் நான் உங்களுக்கு நம்பி எழுதிய கடிதத்தை நீங்கள் எனக்கு எதிராக வாசித்தீர்கள். எது பெரிது எது சிறிது என்று தராசில் வைக்கத் தெரியவில்லை எனக்கு. தொழிலே தராசுதான், இதற்குப் படிக்கல் இல்லை.

இனி எழுத மாட்டேன்.

செ. சுதாகரன்


கச்சாய் வீதி, கொடிகாமம்
15 ஜனவரி 2025

சுதாகரன் அண்ணைக்கு,

நீங்கள் எழுத மாட்டேன் என்றீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

வீடு விற்றாயிற்று. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கியவர் கலியாண மண்டபம் கட்டப்போகிறார். மாசி முடிய முதல் நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும்.

உங்களிடம் மறைத்த ஒன்றை எழுதத்தான் இந்தக் கடிதம். சபைக்கு மூன்று நாள் முன்னர், வந்து இறங்கிய கையோடு, அக்கா இங்கே வந்தா. கூடத்தைச் சுற்றிப் பார்த்தா. ஆரணியின் துணியைத் தொட்டுப் பார்த்தா. "வடிவாய் வச்சிருக்கிறியள். கடிதத்தைக் கொண்டு வாங்கோ பிள்ளை. நான் விக்க மாட்டன். வித்தாலும் உங்களை எழுப்ப மாட்டன்" என்றா. உண்மைக்காகத்தான் கடிதத்தை வாசித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் வாசிக்கும்போது அவவின் வாக்கும் என் மடியில் இருந்தது. அதனால்தான் உங்கள் பக்கம் திரும்பவில்லை.

போன கிழமை எடுத்துக் கேட்டேன். "சொன்னீங்கள்தானே அக்கா?" "சொன்னனான்தான் பிள்ளை. மகனுக்கு இஞ்சை வீடு எடுக்கவேணும், என்ன செய்யிறது? நீங்கள் படம் கீறுற ஆக்கள், எங்கை இருந்தும் கீறலாம்தானே." எழுதி வாங்காமல் விட்டேன். நீங்கள்தான் முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தீர்கள், வாய்ப்பேச்சுப் புரளும் என்று.

ஆரணி கொழும்புக்குப் போய்விட்டாள். மட்டக்களப்புக்காரரும் வெளிக்கிடுகிறார்கள், "உங்களைப் பாத்துத்தானே வந்தனாங்கள்" என்று அவ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. தனோஜன் சிலைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறான், என்னோடு கதைக்காமல். மரியரட்ணம் அண்ணை வந்து கட்டிய சாக்குகளைப் பார்த்தார். "கடைசிச் சிலைக்கு மூக்கு வைக்கேல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மறுபடியும் ஊர் தேடுகிறேன். இந்த முறை யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

நிமலினி


கொடிகாமம்
22 ஜனவரி 2025

நிமலினிப் பிள்ளைக்கு,

எழுத மாட்டேன் என்றது வாய்ப்பேச்சு அல்ல, தாளில்தான் எழுதினேன். அதையும் மீறுகிறேன். கையால் எழுதினால் எனக்குப் பொய் வராது என்று அக்கா சொன்னது பிழை, இதோடு தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக, நீங்களும் விலை பேசித்தான் கடிதத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அதை வாசித்ததும் உங்கள் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. நீதிக்காகக் காட்டிக்கொடுத்தவரோடு எனக்குக் கதைக்கத் தெரியாது. விலைக்கு விட்டு ஏமாந்தவரோடு தெரியும். ஒரே ஆளிடம் இரண்டு பேரும் ஏமாந்திருக்கிறோம். எனக்கு 'ஏதும்' கூட வரவில்லை.

மிச்சப் பாதிக் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.

ரயில் கடவைக்குப் பக்கத்தில் என் தேங்காய்க் களஞ்சியம் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. இப்போது சரக்கு தோட்டத்திலிருந்து நேரே லொறியில் போகிறது. நீளம் அறுபது அடி, உயரம் பதினெட்டு. இரும்பு அடிக்கலாம், பக்கத்தில் வீடு இல்லை. சாயத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. வாடகை பழைய வாடகை அல்ல. ஊர் விலையில் முக்கால். பழைய வாடகை ஏன் ஏறவே இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மட்டக்களப்புக்காரரை நிற்கச் சொல்லுங்கள். தனோஜனை நான் பார்த்துக் கதைக்கிறேன். பலகையில் என் பெயர் வேண்டாம்.

என்னை நம்பச் சொல்லவில்லை. உறுதியின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். இது அக்காவுடையது இல்லை, வேறு யாருடையதும் இல்லை. கல்லு, சீமெந்து, தகரம் எல்லாம் நான் வாங்கிக் கட்டியது. என்னுடையது.

சுதாகரன்


கச்சாய் வீதி, கொடிகாமம்
30 ஜனவரி 2025

அண்ணைக்கு,

உறுதியை வாசித்தேன். நீங்கள் வாசித்தீர்களா?

இரண்டாம் பக்கம், மேலிருந்து ஐந்தாம் வரி. 1994ஆம் ஆண்டு உங்கள் மாமனார் எழுதியது. காணி சீதனமாக உங்கள் மனைவி யோகமலரின் பெயரில் இருக்கிறது.

நீங்கள் மறைத்தீர்கள் என்று முதலில் நினைத்தேன். அப்படியென்றால் பிரதியை வைத்திருக்க மாட்டீர்கள். முப்பது வருடமாக அதற்குள் தேங்காய் அடுக்குகிற ஆளுக்கு அது யாருடைய காணி என்பதே மறந்துவிட்டது. எனக்கு அதுதான் கூடப் பயமாக இருக்கிறது.

2022இல் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதையே திரும்பக் கேட்கிறேன். அவவிடம் கேட்டீர்களா?

நிமலினி


கொடிகாமம்
4 பெப்ரவரி 2025

நிமலினிப் பிள்ளைக்கு,

கேட்டேன்.

கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை. "அது என்ரை பேரிலையெண்டு இப்பத்தான் தெரியுமோ?" என்றா. மறந்துபோனேன் என்றேன். "நான் மறக்கேல்லை. முப்பது வருசம், ஒரு நாள் கேட்டியளே?" என்றா. "இப்ப கேக்கிறன்" என்றேன். கத்தியை வைத்தா. "உங்கடை அக்காட்டையும் உப்பிடி முன்னுக்கு இருந்து கேட்டிருக்கலாம். அவ தந்திருப்பா, தராமல் விட்டிருப்பா. இவ்வளவு பேரை ஒழுங்கையிலை விட்டிருக்கத் தேவையில்லை." அம்மாவைக் கழுவித் துடைத்தவ அவதான் என்று உங்களுக்கு எழுதியது ஞாபகம் வந்தது. அதைக் கூட அவவிடம் கேட்காமல்தான் எழுதினேன்.

சம்மதமா என்று கேட்டேன். "யோசிக்கவேணும். அந்தப் பிள்ளையை வந்து என்னோடை கதைக்கச் சொல்லுங்கோ. உங்களோடை இல்லை" என்றா.

ஆகவே என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்ட முதல் அவவிடம் வாசிக்கக் கொடுக்கிறேன்.

சுதாகரன்

வாசித்தேன். சம்மதம் என்று நினைக்க வேண்டாம், வாசித்தேன் என்பது மட்டும். வருகிற செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்பேன்.

யோகமலர்